தெரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு தடிமனான புத்தகத்தைப் பார்க்கிறோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அர்த்தம். முதல் இருபது முப்பது பக்கங்களில் பென்சில் கோடுகள் இருக்கும். அதற்கு மேல் புத்தம் புதிதாக இருக்கும். பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. 'அப்ஹார்' என்றால் வெறுத்தல், 'அப்டிகேட்' என்றால் பதவி துறத்தல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களை வரிசையாக மனப்பாடம் செய்தால், ஒரு வாரம் கழித்து எது எதற்கு அர்த்தம் என்பதே குழம்பிவிடும். பிறகு "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது.

அந்த முடிவுதான் நமக்குக் கவலை தருகிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர 'கியூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு 2022 முதல் நடக்கிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு 'கிளாட்' தேர்வு. கணக்கிலும் பொருளாதாரத்திலும் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள்கூட ஆங்கிலப் பகுதியை நினைத்து விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். கியூட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்றாலும், பல பட்டப்படிப்புகளுக்கு ஆங்கில மொழித் தாளையும் கேட்கிறார்கள். ஆகவே ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுப் போக வழியில்லை.

ஆனால் தேர்வு எதைக் கேட்கிறது என்று பார்த்தால் பயம் பாதி குறையும். கிளாட் ஆங்கிலப் பகுதியில் சுமார் 450 சொற்கள் கொண்ட பத்திகளைக் கொடுத்து, அவற்றை வைத்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். மொத்தம் 120 கேள்விகளில் ஆங்கிலத்துக்கு 22 முதல் 26 வரை. அதில் ஒரு சொல்லைக் காட்டி 'இந்தப் பத்தியில் இதற்கு என்ன பொருள்' என்று கேட்பது வழக்கம். கியூட் ஆங்கிலத் தாளிலும் வாசிப்புப் பத்திகள் முக்கிய இடம் பெறுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான 'சாட்' தேர்விலும் இதே போக்குதான்: அபூர்வமான சொற்களை வைத்து வாக்கியத்தை நிரப்பச் சொல்லும் பழைய கேள்விகளை 2016-இல் கைவிட்டு, சொல் வருகிற இடத்தை வைத்துப் பொருள் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தத் திறமை நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 'அமானிதம்' என்ற சொல்லுக்கு எந்தப் பிள்ளைக்கும் நாம் அகராதி எடுத்துக் காட்டவில்லை. "அது பக்கத்து வீட்டு அமானிதம், தொடாதே" என்று ஒருநாள் கேட்டது. "அமானிதத்தை அவங்க கையில ஒப்படைச்சுட்டு வா" என்று இன்னொரு நாள் கேட்டது. நமக்குச் சொந்தமில்லாதது, பத்திரமாக வைத்திருக்க வேண்டியது, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று அதுவே கோத்துக்கொண்டது. 'பரக்கத்' என்ற சொல்லும் அப்படித்தான். "சம்பளம் குறைவுதான், ஆனா பரக்கத் இருக்கு" என்று பெரியவர்கள் பேசும்போது, அந்த 'ஆனா' என்ற ஒரு சொல் பிள்ளைக்குப் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிட்டது. தொகை வேறு, பரக்கத் வேறு என்று புரிந்துவிட்டது. ஆங்கிலத்திலும் இதையேதான் செய்யச் சொல்கிறோம்.

அக்கம்பக்கம் பார்ப்பது எப்படி

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் வாக்கியத்தைத் தமிழில் தந்து, கடினமான சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் விட்டிருக்கிறோம். அந்தச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன தமிழ்ச் சொல் வந்தால் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அக்கா வாய் ஓயாமல் பேசுவாள், தங்கையோ ரெட்டிசென்ட்." இந்தத் தங்கை எப்படிப்பட்டவள்? அதிகம் பேசாதவள். நாம் சொல்லித்தரவே இல்லை. 'ஓ' என்ற எழுத்து சொல்லித்தந்தது. ஆங்கிலத்தில் இந்த வேலையைப் 'பட்', 'ஆல்தோ', 'ஹவ்எவர்', 'அன்லைக்', 'டிஸ்பைட்' போன்ற சொற்கள் செய்கின்றன. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், வாக்கியத்தின் ஒரு பாதிக்கு எதிரானது மறுபாதியில் இருக்கிறது என்று அர்த்தம்.

"பாலம் டைலப்பிடேட்டட் ஆகியிருந்ததால் பேருந்துகளைச் சுற்றுவழியில் அனுப்பினார்கள்." இங்கே காரணமும் விளைவும் இருக்கின்றன. பேருந்து போகக் கூடாத பாலம் எப்படியிருக்கும்? இடிந்து சிதிலமாக. 'பிகாஸ்', 'சின்ஸ்', 'தேர்ஃபோர்' ஆகியவை இந்த வகைக்கு அடையாளம். "பால், மீன், கீரை போன்ற பெரிஷபிள் பொருட்களை ஐஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள்" என்றால் உதாரணங்களே பொருளைச் சொல்லிவிடுகின்றன: சீக்கிரம் கெட்டுப்போகிறவை.

சில நேரம் எழுதியவரே பொருளையும் சொல்லிவிடுவார். 'தட் ஈஸ்' என்று போட்டோ, இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவிலோ விளக்கம் வரும். இதில் பிள்ளைகள் தவறவிடுவது 'ஆர்' என்ற சொல்லை. 'அல்லது' என்ற பொருளில் மட்டும் அது வருவதில்லை. ஒரு கடினச் சொல்லுக்குப் பின் காற்புள்ளி இட்டு 'ஆர்' வந்தால், பெரும்பாலும் அதே பொருளின் எளிய சொல் அடுத்து நிற்கும்.

மனப்பாடம் வேண்டவே வேண்டாமா என்றால், இப்படிப்பட்ட சிறு இணைப்புச் சொற்கள் பதினைந்து இருபதை மனப்பாடம் செய்யட்டும். தடிமனான புத்தகத்துக்குச் செலவிடும் நேரத்தில் அதற்கு ஒரு பங்குகூட ஆகாது, பலனோ எல்லாப் பத்தியிலும் கிடைக்கும்.

தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்

தெரியாத சொல்லைக் கண்டால் பிள்ளை உஷாராகிவிடும். தெரிந்த சொல்லில்தான் வழுக்கி விழுகிறது. நாம் அன்றாடம் பேசுகிற 'நாவல்' என்றால் கதைப் புத்தகம். ஆனால் பத்தியில் 'நாவல் சொல்யூஷன்' என்று வந்தால் புதுமையான தீர்வு என்று பொருள். 'சவுண்ட்' என்றால் நமக்குச் சத்தம். 'சவுண்ட் அட்வைஸ்' என்றால் நன்கு யோசித்துச் சொன்ன, நம்பத்தக்க ஆலோசனை. 'கிரேவ்' என்றால் கப்ருதான்; 'கிரேவ் மிஸ்டேக்' என்றால் பாரதூரமான தவறு. 'அட்ரஸ்' வீட்டு விலாசம். ஆனால் ஒரு கமிட்டி தண்ணீர்ப் பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தது என்றால், அதைத் தீர்க்க முனைந்தது என்று பொருள். 'மீன்' என்ற சொல் ஓரிடத்தில் பொருள்படுதல், கணக்குப் புத்தகத்தில் சராசரி, ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் அற்பக் குணம்.

கேள்வி தயாரிப்பவர்களுக்கு இவை மிகவும் பிடித்தமானவை. நான்கு விடைகளில் ஒன்றாக, நமக்கு நன்கு தெரிந்த பொருளை வைத்துவிடுவார்கள். அவசரத்தில் பிள்ளை அதைத் தொட்டுவிடும். இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு விடையையும் வாக்கியத்துக்குள் பொருத்தி, முழு வாக்கியத்தையும் ஒருமுறை வாசிப்பது. 'புத்தகமான தீர்வு' என்று வாசித்தால் காதுக்கே உறுத்தும்.

சொல்லை உடைத்துப் பார்க்கிற வழியும் உண்டு. முன்னால் 'இன்', 'அன்', 'டிஸ்' வந்தால் 'இல்லை' என்று பொருள் எனப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. எளிதில் தீப்பற்றாது என்று அர்த்தமா? எளிதில் தீப்பற்றும் என்றுதான் அர்த்தம். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. எனவே உடைத்துப் பார்த்துக் கிடைத்த பொருளையும் வாக்கியத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

ஊகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. "அவர் அறை ஸ்பார்ட்டன்: ஒரு பாய், ஒரு தண்ணீர்க் கூஜா, ஒரு விளக்கு." வறுமையான அறை என்று பிள்ளை ஊகிக்கும். கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் சரியில்லை. ஆடம்பரம் இல்லாத, எளிமையான என்பதுதான் பொருள். அந்த அறைக்காரர் வசதியானவராகவும் இருக்கலாம். வாக்கியம் திசையைத்தான் காட்டும், துல்லியத்துக்கு அகராதி வேண்டும். முதலில் ஊகம், பிறகு அகராதி. வரிசையை மாற்றினால், ஃபோனில் அர்த்தம் பார்த்த மறுநிமிடமே மறந்துபோகும்.

எதை வாசிப்பது

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசி என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியல் பேராசிரியர் பால் நேஷனும் அவருடைய சக ஆய்வாளரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பிறர் உதவியின்றி ஒரு பத்தி புரிய வேண்டுமானால் அதிலுள்ள சொற்களில் 98 சதவீதமாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. முந்நூறு சொற்கள் உள்ள பக்கத்தில் ஆறு சொற்களுக்கு மேல் தெரியாவிட்டால், அக்கம்பக்கச் சொற்களும் இருட்டாகிவிடும். பிறகு எதை வைத்து ஊகிப்பது? அப்படிப்பட்ட பக்கத்தை மூடிவிட்டு எளிதான ஒன்றை எடுப்பதில் வெட்கம் எதுவுமில்லை. ப்ளஸ் டூ பிள்ளை எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலிருந்து தொடங்கினால் தொடங்கட்டும். நம் மாநிலப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நாளிதழ் என்றால் முதலில் விளையாட்டுப் பக்கம். நேற்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தார், யார் ஆட்டமிழந்தார் என்று உங்கள் மகனுக்கு முன்பே தெரியும். செய்தி தெரிந்திருப்பதால் சொல் பிடிபடும். சமையலிலோ தையலிலோ ஆர்வமுள்ள மகள் அதைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளை வாசிக்கட்டும். கோச்சிங் சென்டர் தூரத்தில் இருக்கிறது, தனியாக அனுப்பத் தயக்கமாக இருக்கிறது என்று சொல்லும் வீடுகளுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும், ஏனென்றால் இதற்கு வீட்டைவிட்டு எங்கும் போகத் தேவையில்லை.

நோட்டில் எழுதும்போது 'சொல் – அர்த்தம்' என்று எழுத வேண்டாம். சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, தன் ஊகத்தை எழுதி, அதன்கீழ் அகராதி சொன்னதை எழுதட்டும். ஊகம் தவறாயிருந்தால் அடிக்க வேண்டாம். எங்கே வழி தவறியது என்பதும் பாடம்தான். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை வாக்கியத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லிப் பார்க்கட்டும்.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று உம்மாமார்கள் கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன வாசிச்சே, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். பிறகு, "அந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேளுங்கள். "டீச்சர் சொன்னாங்க" என்றால் பிள்ளை இன்னும் கற்கவில்லை. "பக்கத்துல 'ஆனால்'னு வந்துச்சு, அதனால எதிர்ப்பதமா இருக்கணும்னு நினைச்சேன்" என்றால் கற்றுவிட்டது. இந்த இரண்டு பதில்களுக்கும் உள்ள வித்தியாசம் புரிய உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை.

தேர்வறையில் ஒரு கணக்கையும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும். கியூட் தேர்வில் சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்கு கால் மதிப்பெண் கழிவு. கியூட்டில் நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகப் பொருந்தாது என்று வாக்கியத்தை வைத்து ஒதுக்கிவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைத் தொடுவதால் சராசரியாக 2 மதிப்பெண் லாபம். சொல் முழுதாகத் தெரியவில்லை என்று அந்தக் கேள்வியை விட்டுவருவது நஷ்டம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வாசித்துவிடுங்கள்.

இந்த மாதம் வீட்டில் செய்து பார்க்க மூன்று வாக்கியங்கள்:

"முதல் வருடம் தையல் ஆர்டர்கள் ஸ்கேர்ஸ், மாதத்தில் பாதி நாள் மெஷின் சும்மா கிடந்தது."

"மழை அபேட் ஆகும்வரை பள்ளிவாசல் திண்ணையில் நின்றோம், தூறலானதும் கிளம்பினோம்."

"எல்லோரும் கை தட்டினார்கள், பெரியவர் மட்டும் ஸ்கெப்டிகலாகப் பார்த்தார். 'கணக்கைக் காட்டட்டும், அப்புறம் நம்புறேன்' என்றார்."

பிள்ளை பொருளைச் சொன்னால் மட்டும் போதாது. எந்தச் சொல் அதைக் காட்டிக்கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். விடைகளை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் தருகிறோம்.