கோணற்பல்லை நேராக்கிய முன்னோடிகள்

உதியன்குளங்கரையில் குடியேறி வாழும் நம் இல்லங்களில், பிள்ளைக்குப் புதுப்பல் கோணலாக முளைத்தால், நாள்தோறும் விரலால் அழுத்திவிடுமாறு பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு நகைப்பவர்களும் உண்டு. ஆனால் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்னும் அறிஞரும் இதே யோசனையைத் தமது மருத்துவ நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலில், வளைந்த உலோகத் தகட்டில் துளையிட்டு, அதனோடு பற்களை நூலால் கட்டி நேராக்கும் முறையை விளக்கினார். 1880-இல் அமெரிக்கரான நார்மன் கிங்ஸ்லி, வாயமைப்புக் குறைகளைப் பற்றி விரிவான நூல் இயற்றினார்.

எனினும் இதனைத் தனித் துறையாக்கிய பெருமை எட்வர்ட் ஆங்கிளுக்கே உரியது. 1899-இல் அவர், மேற்கடைவாயின் முதற்பல்லை அளவுகோலாகக் கொண்டு, கோணற் கடிப்பை மூவகையாகப் பிரித்தார். மறு ஆண்டே செயின்ட் லூயி நகரில் இக்கலைக்கெனப் பள்ளியும் தொடங்கினார். எப்பல்லையும் பிடுங்கலாகாது என்பது அவர் கொள்கை. அவர் மாணவர் சார்லஸ் ட்வீட் முதலில் அவ்வாறே செய்தார். பலருக்கு முகம் முன்தள்ளி நிற்பதையும், பற்கள் பழையபடி சாய்வதையும் கண்டு மனம் வருந்தினார். ஆகவே சிலருக்கு நல்ல பற்களையும் எடுத்தே இடம் உண்டாக்க வேண்டும் என்றார். குருவின் சொல்லைவிட நோயாளியின் நலனே அவருக்குப் பெரிதாயிற்று.

பல் எவ்வாறு நகர்கிறது? கம்பி மெல்ல அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஆகையால் இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செல்லும், பொறுமை வேண்டும்.

நம் நாட்டில் டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959-இல் தோன்றியது. இந்தியப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் 1965-இல் உருவாயிற்று. இன்று நெய்யாற்றின்கரை வழியே பேருந்தில் சென்றால் அக்கல்லூரியை அடைந்துவிடலாம்.

ஆயினும் நம்மிற் பலர், "கலியாணம் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நாளைக் கடத்துகிறோம். இது அழகை மட்டும் பொறுத்ததன்று. நெருக்கி முளைத்த பற்களைத் துலக்குவது கடினம். அங்கே சொத்தையும் ஈறு நோயும் எளிதில் குடிபுகும். தாடையின் குறையைத் திருத்த வளரும் பருவமே ஏற்றது. பிள்ளைக்கு 7 வயதானதும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நன்று. வயது கடந்தவர்களும் பற்களைச் சீர்செய்துகொள்ளலாம். தாடைக் குறைக்கோ சில வேளை அறுவை தேவைப்படும்.

பாட்டியின் விரலில் இருந்தது அன்பு; முன்னோடிகள் தந்தது அறிவு. இரண்டையும் நம் குழந்தைகளுக்கு உரிய காலத்தில் அளிப்போமாக.