வேலைப் பகுப்பும் மாறும் திறனும்

வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பகுத்தால் உற்பத்தி பெருகும் என்பது யாவரும் அறிந்ததே. அதனால் விளையும் இடரையும் நாம் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவில் ஹென்றி போர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், 1913-ஆம் ஆண்டில், மோட்டார் வண்டியின் அடிச்சட்டம் தொழிலாளரிடம் நகர்ந்து வருமாறு அமைக்கப்பட்டது. முன்னர் ஒரு சட்டத்தில் பாகங்களைப் பூட்ட ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. 1914-இல் 93 நிமிஷமே போதுமானதாயிற்று. எனினும், ஒரே வேலையை நாள் முழுதும் செய்யச் சலித்துப் பலர் விலகினர். அவர்களை நிறுத்திக்கொள்ள, 1914-இல் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் அறிவிக்கப்பட்டது. 1927-இல் வண்டியின் மாதிரியை மாற்றியபோதோ, உற்பத்தி பல மாதங்கள் நின்றது.

ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனி இதற்கு நேர்மாறான வழியைக் கையாண்டது. அதன் உட்டெவல்லா தொழிற்சாலையில் சிறு குழுவினர் ஓரிடத்திலேயே முழுக் காரையும் பூட்டினர். மாதிரி மாறினும் அவர்களால் ஈடுகொடுக்க முடிந்தது. ஆனால் வேலை கற்க நெடுநாள் பிடித்தது. விற்பனை குன்றவே, 1993-இல் அது மூடப்பட்டது.

ஆகவே, சரக்கு மாறாதவிடத்துப் பகுப்பு நன்று. அடிக்கடி மாறுமிடத்துப் பல வேலை அறிந்தோர் வேண்டும். நம் சங்கங்களில் பாவு ஓடுதல், தார் சுற்றுதல், நெய்தல் எனப் பகுப்பினும், ஒவ்வோர் அங்கத்தினரும் வேறொரு வேலையும் கற்றிருத்தல் நலம். சேலைக்கு ஆர்டர் நின்று துண்டுக்கு வரும் நாளில், அச்சும் பாவும் மாற்ற அறிந்தவர் ஒருவரே இருப்பின், தறிகள் அனைத்தும் அவருக்காகக் காத்து நிற்கும். காத்து நிற்கும் தறிக்குக் கூலி இல்லை.