கதவணைகளுக்கு நடுவே காவிரி

பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறினால் அக்கரை நெரிஞ்சிப்பேட்டை. சேலம் மாவட்டத்திலிருந்து ஈரோடு மாவட்டத்துக்கு ஆற்றின் மேலேயே போய்விடலாம். கரை தொட்டு நிற்கும் காவிரியைப் பார்க்க விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் அது மின்சாரத்துக்காகக் கதவணை தேக்கிவைத்த தண்ணீர்.

மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். பின்னால் சமயசங்கிலி, சோழசிராமணி என்று நாமக்கல் பக்கமும் வரிசை நீண்டது. கரி எரிக்காத மின்சாரம். அனல்மின் நிலையத்தின் சாம்பலோடு வாழும் மேட்டூர்க்காரர்களுக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும். இதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. புகை இல்லை என்பதற்காக, சேதமே இல்லை என்று கணக்கு எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்து முட்டையிட்ட உல்லம் மீன், 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அருகிப்போனது. ஓடும் தண்ணீரில் வளரும் மீனுக்குத் தேங்கிய தண்ணீர் ஒத்துவராது. புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீனுக்கு வழியில் ஒவ்வொரு கதவும் ஒரு சுவர். மீன் குறைந்தால் நீர்நாய்க்கும் இரை இல்லை. மேட்டூருக்கு மேலே, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில், அதே நீர்நாயும் முதலையும் ஆற்று ஆமையும் வாழ்வதைச் சொல்லித்தான் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அணைக்குக் கீழேயும் ஓடுவது அதே ஆறுதானே?

பராமரிப்புக்காகக் கதவணையைத் திறந்துவிடும் நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும். படகுப் போக்குவரத்து நின்றுவிடும். மூழ்கிக் கிடந்த பாறைகள் தலைகாட்டும். வடிகிற தண்ணீரோடு போக முடியாத மீன்கள் பாறை இடுக்குக் குட்டைகளில் சிக்கி வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இஃபெட்ஸ்ஹைம் நீர்மின் நிலையத்தில் 2000-இல் மீன் ஏறிச் செல்லத் தனிப் பாதை திறந்தார்கள். மின் உற்பத்தி நின்றுவிடவில்லை. நம் கதவணைகளை உடைக்கச் சொல்லவில்லை. மீனுக்கும் ஒரு வழி விடுங்கள் என்கிறோம். தண்ணீரை ஒரேயடியாக வடிக்காமல் படிப்படியாக இறக்கலாம். மீன் முட்டையிடும் பருவத்தை ஆற்றோர மீனவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு பராமரிப்புக்கு நாள் குறிக்கலாம்.