கழற்றலும் பூட்டலும்: வலு ஸ்ரியறிங் பற்றிய ஒரு நோக்கு

மோட்டார் வாகனங்களைப் பழுதுபார்ப்பதற்கென எழுதப்பட்ட கைந்நூல்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு வாசகம் உண்டு. ஓர் உறுப்பினை எவ்வாறு கழற்றுவது என்பதை இருபது முப்பது படிகளில் விரித்துரைத்த பின்னர், பூட்டுவதற்கு அவ்வரிசையை மறுதலையாகக் கொள்க என்னும் பொருள்பட ஒரே வரியில் அந்நூல்கள் முடித்துக்கொள்ளும். 1966 முதல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஹெய்ன்ஸ் கைந்நூல்களைப் புரட்டியவர்கள் இதனை நன்கறிவர். பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழகிய எமக்கு இவ்வாசகம் நெடுநாளாக ஓர் உறுத்தலாகவே இருந்துவந்துள்ளது. வலு ஸ்ரியறிங் பெட்டியைக் கழற்றிப் பூட்டும் வேலையை எடுத்துக்கொண்டு, அவ்வாசகம் எதனை மறைக்கின்றது என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்ச் சங்க ஏடொன்றிற்கு இப்பொருள் பொருந்துமோ என ஐயுறுவோர் இருத்தல் கூடும். உழைப்பைப் பற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம்; ஒரு வேலை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியுள்ளோம்.

முதலிற் சொல் பற்றி ஒரு குறிப்பு. கப்பலைத் திருப்பும் உறுப்பைச் சுக்கான் என்கிறோம். அறபு மாலுமிகளின் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் அது. சிங்களத்தில் இதே சொல்லின் வடிவமே மோட்டார் வாகனத்துக்கும் வழங்குகின்றது. எமது கராஜ்களிலோ ஸ்ரியறிங் என்பதே வழக்கு. வேலை செய்பவன் வாயில் வழங்கும் சொல்லையே இக்கட்டுரையிலும் கையாள்கிறோம்.

இனி, பொறியின் அமைப்பினை நோக்குவோம். இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலானவற்றில் உள்ளது றாக் வகையாகும். ஓட்டுநர் பிடிக்கும் வளையத்திலிருந்து இறங்கும் தண்டின் அடியிற் பினியன் என்னும் சிறு பற்சில்லு உண்டு. அது, பற்கள் வெட்டப்பட்ட நீண்ட கோலாகிய றாக்கை இடமும் வலமும் நகர்த்துகின்றது. றாக்கின் இரு முனைகளிலிருந்தும் செல்லும் ரை றொட்டுகள் முன்சில்லுகளைத் திருப்புகின்றன. இவ்வளவும் மனிதக் கையின் வலுவினால் மாத்திரம் நடைபெறுவது பழைய முறை. மொறிஸ் மைனர் ஓட்டியவர்களின் தோள்களைக் கேட்டால் அதன் தன்மையைச் சொல்லும்.

வலு ஸ்ரியறிங்கில் இதனுடன் எண்ணெய் சேர்கின்றது. எஞ்சினால் ஓட்டப்படும் பம்பியொன்று எண்ணெயை அமுக்கத்துடன் அனுப்ப, றாக்கின் மீதமைந்த பிஸ்ரனின் ஒரு புறத்தையோ மறு புறத்தையோ அவ்வெண்ணெய் தள்ளுகின்றது. எந்தப் புறம், எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதே இதில் நுட்பமான பகுதி. வளையத்தண்டும் பினியனும் நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதில்லை. மெல்லிய உருக்குக் கோலொன்று இடையிலே இருக்கின்றது. ஓட்டுநர் வளையத்தைத் திருப்ப முனைகையில், வீதியின் எதிர்ப்பினாற் பினியன் தயங்க, அக்கோல் சில பாகையளவு முறுகுகின்றது. அம்முறுக்கே வால்வின் வாய்களைத் திறக்கிறது. எதிர்ப்பு மிகுந்தால் முறுக்கு மிகும். முறுக்கு மிகுந்தால் உதவியும் மிகும். கையை விட்டதும் கோல் நேராகிவிட, எண்ணெய் எப்பக்கமும் தள்ளாமற் சுற்றித் திரும்பிவிடுகின்றது. மனிதனின் முயற்சியை அளந்து, அதற்கேற்பத் துணைநிற்கும் கருவி இது. அவன் முயற்சி இல்லையெனில் அதுவும் வாளாவிருக்கும்.

இவ்வமைப்பின் வரலாறு வேறொரு வகையிலும் எமது கவனத்திற்குரியது. எண்ணெய் இடையறாது சுற்றிக்கொண்டிருக்கும் இம்முறையை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியியலாளரான பிரான்சிஸ் டேவிஸ். பியேர்ஸ் அரோ நிறுவனத்தின் பார வாகனப் பகுதியில் வேலை செய்தபோது பார வாகன ஓட்டுநரின் சிரமத்தைக் கண்டவர் அவர். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வோல்தம் நகரில் அமைத்த பட்டறையிலே தமது கருவியைச் செய்து, 1926 அளவில் அதனை ஓடும் வாகனத்திற் காட்டினார். ஜெனரல் மோட்டோர்ஸ் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது; ஆயின், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே 1934 இல், விற்கக்கூடிய எண்ணிக்கைக்கு உற்பத்திச் செலவு ஈடாகாதெனக் கண்டு அதனைக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது கவச வாகனங்களுக்கு இது தேவைப்பட்டது. சாதாரண கார் ஓட்டுநரின் கைக்கு இது வந்ததோ 1951 இல், கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் மூலமாக. அந்நிறுவனம் பயன்படுத்தியது காலாவதியாகிவிட்ட டேவிசின் காப்புரிமைகளையே. மறு ஆண்டு ஜெனரல் மோட்டோர்ஸும் கடிலாக்கில் அதனைப் பொருத்தியது. செய்யத் தெரிந்திருந்த ஒன்று கால் நூற்றாண்டு காத்துக் கிடந்தமைக்கு அறிவின் குறைபாடு காரணமன்று. உற்பத்திச் சக்திகளுக்கும் உற்பத்தி உறவுகளுக்கும் இடையிலான முரண்பாட்டிற்கு மாணவர்கள் உதாரணம் கேட்கும்போது நாம் நூற்பாலைகளுக்கே ஓடுவது வழக்கம், இதனையும் சுட்டலாம்.

இனி வேலைக்கு வருவோம். றாக்கிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கினால், அல்லது பற்கள் தேய்ந்து வளையத்தில் ஆட்டம் கண்டால், அதனைக் கழற்றியாக வேண்டும். தேர்ந்த பாஸ் ஒருவர் (டச்சுக்காரர் விட்டுச்சென்ற இச்சொல் எமது தொழிலாளருக்கு மரியாதைப் பெயராகிவிட்டமை சுவையானது) இதனைச் செய்வதைப் பார்த்தால், முதல் அரை மணித்தியாலத்தில் அவர் எதையுமே கழற்றாதிருப்பதை அவதானிக்கலாம். சில்லுகளை நேராக வைக்கின்றார். எயார் பாக் உள்ள வாகனமாயின் பற்றறியின் மறைமுனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்கின்றார். வளையம் அசையாதபடி இருக்கைப் பட்டியினாற் கட்டுகின்றார். இக்கட்டு முக்கியமானது. தண்டை றாக்கிலிருந்து பிரித்தபின் வளையம் தடையின்றிச் சுழலும். எயார் பாக்குக்கு மின்னைக் கொண்டுசெல்லும் சுருள் நாடா வளையத்தின் கீழே இருக்கின்றது. அது சில சுற்றுகளுக்கு மாத்திரமே நீளமுடையது. யாரேனும் விளையாட்டாக வளையத்தைச் சுற்றிவிட்டால் நாடா அறுந்துவிடும்.

வாகனத்தின் முன்புறத்தை உயர்த்தி ஸ்ராண்டுகளில் நிறுத்தியபின் சில்லுகள் அகற்றப்படும். ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழே போவது உயிரைப் பணயம் வைப்பதாகும். தாங்கியிலுள்ள எண்ணெய் உறிஞ்சி எடுக்கப்படும். ரை றொட் முனைகளின் ஸ்பிளிற் பின்னை நீக்கி, நட்டைத் தளர்த்தி, புல்லரினாற் பிரிப்பர். சுத்தியலால் முனையிலேயே அடித்தால் மரை நசியும். பின்னர் வருவது எமது பொருளின் மையம். வளையத்தண்டு பினியனுடன் சேரும் மூட்டில், தண்டின்மீதும் பினியன்மீதும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு வெள்ளைப் பூச்சினால் ஓர் அடையாளம் இடப்படுகின்றது. ஒரு விநாடி வேலை. அதன் பின்னரே மூட்டை இறுக்கும் போல்ட் கழற்றப்படும்.

அடுத்து எண்ணெய்க் குழாய்கள். அமுக்கக் குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பனரினாற் பிடித்தால் மூலைகள் வழுக்கிவிடும். குழாயைச் சூழ்ந்து பிடிக்கும் தனி ஸ்பனர் இதற்குண்டு. வளையத்தை முற்றாகத் திருப்பிப் பிடிக்கும்போது இக்குழாயினுள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1000 இறாத்தலையும் தாண்டக்கூடும். எனவே இங்கு நசிந்த மரைக்கு மன்னிப்பில்லை. கழற்றிய கணமே எல்லா வாய்களும் அடைக்கப்பட வேண்டும். வால்வின் இடைவெளிகள் மிக நுண்ணியவையாதலின் சிறு மணல் துணிக்கையும் அதனைக் கெடுக்கும். இறுதியாக, றப்பர் அணைகளுடன் றாக்கைச் சட்டத்திற் பிடித்திருக்கும் போல்டுகள் அகற்றப்பட்டு, சில்லின் துவாரப்பக்கமாக அது உருவியெடுக்கப்படும். பல வாகனங்களில் எஞ்சினைத் தாங்கி நிறுத்திக்கொண்டு சட்டத்தையே சற்றுக் கீழிறக்காமல் இது இயலாது.

பூட்டுதல் இதன் மறுதலையன்று. புதிய றாக் எந்நிலையில் வந்துள்ளதென்பது எவருக்கும் தெரியாது. அதன் நடுநிலையைத் தொழிலாளி கண்டுபிடிக்க வேண்டும்: பினியனை ஓர் எல்லைவரை திருப்பி, அங்கிருந்து மறு எல்லைவரை சுற்றுகளை எண்ணி, சரிபாதி மீளவேண்டும். மொத்தம் மூன்று சுற்றாயின் ஒன்றரைச் சுற்று. புதிய றாக்கிற் பழைய அடையாளம் இராதாகையால் இந்த எண்ணிக்கையே அதற்குப் பதிலாகின்றது. பழைய றாக்கையே முத்திரை வளையங்கள் மாற்றித் திரும்பப் பூட்டுவதாயினும் இதனைச் செய்தாக வேண்டும். 36 பற்களையுடைய தண்டு ஒரு பல் மாறிப் பொருந்தினால் வளையம் 10 பாகை கோணலாக நிற்கும்.

எமது பழைய காருக்கு நிகழ்ந்தது இதுவே. பெயர் குறிப்பிடாத கராஜ் ஒன்றில் அடையாளம் இடாமற் கழற்றிப் பூட்டினர். வளையம் கோணலாக நின்றது. மீண்டும் மூட்டைக் கழற்றுவதற்குப் பதிலாக, ஒரு பக்க ரை றொட்டை நீட்டி மறுபக்கத்தைக் குறுக்கி வளையத்தை நேராக்கித் தந்தனர். பார்வைக்கு எல்லாம் சரி. ஆயின் வாகனம் இடப்புறம் திரும்பிய அளவுக்கு வலப்புறம் திரும்பவில்லை. காரணம் அறிய எமக்கு ஒரு மாதம் சென்றது. அத்தொழிலாளியை நாம் குறை கூறவில்லை. அன்று மாலைக்குள் மூன்று வாகனங்களை முடிக்கவேண்டுமென அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இன்னொரு நுட்பம் மூட்டின் போல்டைப் பற்றியது. பினியனின் கழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. தண்டு முழுமையாக இறங்கியிருந்தால் மாத்திரமே போல்ட் அப்பள்ளத்தினூடாகச் செல்லும். சில மூட்டுகளிலே தண்டு அரைகுறையாக இறங்கிய நிலையிலும் போல்டை இறுக்கிவிடலாம். கைக்கு அது சரியாகவே தோன்றும். ஓடும் வீதியில் அது கழன்றால் ஓட்டுநரின் கையில் வளையம் மாத்திரமே எஞ்சும். ஆகவே அனுபவசாலிகள் போல்டை இறுக்கியபின் தண்டைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பர்.

பின்னர் எண்ணெய். அதனை நிரப்பியதும் எஞ்சினை இயக்குதல் தவறு. சில்லுகள் உயர்ந்திருக்கையிலேயே, எஞ்சின் ஓடாத நிலையில், வளையத்தை இரு எல்லைகளுக்கும் பலமுறை மெதுவாகத் திருப்ப வேண்டும். தாங்கியிற் குமிழிகள் எழும். மட்டம் குறையக் குறைய எண்ணெய் விடவேண்டும். அதன் பின்னரே எஞ்சின். எண்ணெய் நுரைத்தாலோ பம்பி முனகினாலோ காற்று இன்னும் உள்ளே இருக்கின்றது என்பது பொருள். எல்லையில் வளையத்தைச் சில விநாடிகளுக்கு மேற் பிடித்திருந்தால் எண்ணெய் கொதித்துப் பம்பி கெடும். எல்லாம் முடிந்தபின் சில்லுகளின் நேர்மையை அளந்து திருத்துதல் தவிர்க்கவியலாதது.

செம்புத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ஹரி பிறேவர்மன், 1974 இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூலில், சிந்தித்தலும் செய்தலும் வேறுவேறு ஆட்களிடம் பிரிக்கப்படுவதை நவீன உழைப்பின் அடிப்படைப் போக்காகக் கண்டார். கைந்நூலின் அந்த ஒற்றை வரி இப்பிரிவினையின் மொழி வடிவம் என நாம் கருதுகிறோம். நடுநிலையை எண்ணுதல், இழுத்துப் பார்த்தல், முனகலைக் கேட்டல் ஆகியவற்றில் அடங்கும் சிந்தனை அவ்வரியில் இடம்பெறுவதில்லை. ஆயினும் பிறேவர்மன் கூறியதை அப்படியே இங்கு ஏற்றிவிடுதலும் பொருந்தாது. 1977 இன் பின்னர் யப்பானியப் பழைய வாகனங்கள் பெருமளவில் வந்தபோது, தமிழிலோ சிங்களத்திலோ கைந்நூல் இன்றியே எமது தொழிலாளர் இவ்வமைப்பைக் கற்றுக்கொண்டனர். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரும்பாலும் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், ஓடிக்கொண்டிருந்தவற்றை ஓடவைத்ததும் அந்தக் கல்வியே.

இப்பொழுது எண்ணெயே மறைந்து வருகின்றது. 1988 இல் யப்பானில் சுசுக்கியின் சேர்வோ என்னும் சிறு காரிலே தொடங்கிய மின் ஸ்ரியறிங், இன்று எமது வீதிகளிற் காணும் பிறியஸ், வகன் ஆர் முதலியவற்றில் உண்டு. முறுக்குக் கோல் இன்னும் இருக்கின்றது. அதன் முறுக்கை ஓர் உணரி அளந்து கணினிக்குச் சொல்ல, மின்மோட்டார் தள்ளுகின்றது. குழாயில்லை, ஒழுக்கில்லை, குமிழியில்லை. ஆயின் இத்தகைய பல வாகனங்களில், கழற்றிப் பூட்டியபின் நடுநிலை எதுவென்பதைக் கணினிக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். வெள்ளைப் பூச்சினால் இட்ட அடையாளம் அதற்குப் புரியாது. அதற்கான ஸ்கானர் கராஜில் இல்லையெனின், பாஸ் வாகனத்தை அது உள்ள இடத்திற்கு ஓட்டிச்சென்று, சில நிமிட வேலைக்குத் தமது கூலியிலிருந்து பணம் கொடுத்து வருகின்றார். நாம் விசாரித்த ஒருவர், அங்கு செல்லுமுன்னரும் பழக்கத்தின்படி அடையாளம் இட்டே கழற்றுவதாகக் கூறினார்.