பழைய லாரி தண்ணீர் குடிக்கிறதா?

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா, உளுந்து மூட்டை ஏற்றி வரும் பழைய லாரிகள் பலவற்றில் ஓட்டுநர் காலடியில் ஒரு தண்ணீர் கேன் இருக்கும். ‘வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும் சார்’ என்பார்கள். என்ஜின் தண்ணீர் குடிக்காது. அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஆவியாகிறது அல்லது என்ஜினுக்குள்ளேயே போகிறது. மூன்றாவதுதான் ஆபத்து. வழியில் வண்டி நின்றால் ஒரு நாள் ஏலம் தவறும். சிலிண்டர் ஹெட் வளைந்தால் அந்தப் பருவத்து லாபமே போய்விடும்.

முதலில், உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் உபரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டப்பா கிடையாது. அதில் விளிம்பு வரை நிரப்பினால், சூட்டில் விரியும் தண்ணீர் வழிகுழாய் வழியே வெளியேறிவிடும். மறுநாள் மீண்டும் நிரப்புவோம், மீண்டும் வெளியேறும். ரேடியேட்டர் குழாய்கள் மூழ்கியிருக்கும்படி, வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிறுத்தி மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். டப்பா உள்ள வண்டி என்றால், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தில் ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள்.

குறைவது உறுதியானால், மூடியில் தொடங்குங்கள். செலவு குறைந்த பாகம், ஆனால் பலரும் கவனிக்காதது. மூடி ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கினால் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். உங்கள் வண்டிக்குரிய அழுத்த அளவுள்ள மூடியையே வாங்குங்கள்.

இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால், சொட்டு விழுந்த இடம் காலையில் தெரியும். ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் அடிப்பகுதி, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் காய்ந்த உப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். பம்புக்குக் கீழே உள்ள சிறு துளையில் கசிந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம், துளையை அடைக்காதீர்கள். பல பம்புகளின் சீலில் ஒரு பீங்கான் வளையம் இருக்கிறது. சூடான பீங்கானில் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும் என்று விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீல் மட்டுமல்ல, ஹெட்டே வெடிக்கலாம். முழுதும் ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறதா? ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தாலும், என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலும், ஆறிய என்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தாலும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். அதற்கு மேல் லோடு ஏற்றாதீர்கள். மெக்கானிக்கிடம் இந்த அறிகுறிகளைச் சொன்னால் அவர் வேலையும் பாதி குறையும்.

இனி என் துறை. சொட்டுநீர்க் குழாயை அடைக்கும் அதே போர்வெல் உப்புதான் ரேடியேட்டரையும் அடைக்கிறது. வெறும் தண்ணீரில் ஓடினால் துருவும் சேரும். பல டீசல் என்ஜின்களில் லைனரே குழி விழும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். களத்துக்கு அருகே நிற்கும் வண்டியில் கடலைச் சருகு, தூசி ரேடியேட்டர் முகத்தை மூடிவிடும். பின்பக்கமிருந்து காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் பெல்ட் தளர்வையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பழைய கூலன்டை வாய்க்காலிலோ தொழுவத்துப் பக்கமோ கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். மாடோ நாயோ நக்கியிருக்கும் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.