சிறு மோட்டார் கார் வாங்குவோர்க்கு: டீசலா, பெட்ரோலா?

கிணறு வெட்டுதல், வீடு கட்டுதல், பெண்ணுக்குத் திருமணம் செய்வித்தல் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக ஒரு குடும்பம் பெருந்தொகை செலவிடும் காரியம் இக்காலத்தில் மோட்டார் கார் வாங்குவதேயாகும். முன்னர் மிராசுதாரர் வீட்டிலும் மில் முதலாளி வீட்டிலும் மட்டுமே நின்ற வண்டி, இன்று தறி ஓடும் வீட்டு வாசலிலும் மஞ்சள் காயும் களத்து ஓரத்திலும் நிற்கின்றது. இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. நோயுற்ற பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், நெய்த சேலைகளை மழையில் நனையாமல் கொண்டு சேர்க்கவும், பிள்ளைகளைக் கல்லூரியில் விட்டு வரவும் வண்டி தேவைப்படுகின்றது. ஆனால் வாங்கும் வேளையில், "டீசல் வண்டி சிக்கனம்" என்று பத்தாண்டுகளுக்கு முன்னர் கேட்ட சொல்லை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்போர் இன்றும் பலர் உள்ளனர். அச்சொல் எக்காலத்தில் உண்மையாயிருந்தது, இன்று யாருக்கு உண்மை, யாருக்குப் பொய் என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

இரு எஞ்சின்களின் இயல்பு

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக் தரும் பொறியினால் தீப்பற்றுகின்றன. இவ்வகை நாலடி எஞ்சினை ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். டீசல் எஞ்சினில் பொறிக்கு வேலையில்லை. வெறுங்காற்றை மிகுதியாக அழுத்துவதால் அது கடுஞ்சூடு அடைகின்றது. அச்சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சியவுடன் அது தானே பற்றிக்கொள்கின்றது. ருடால்ப் டீசல் என்பவர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இதனை வெற்றிகரமாகச் செய்து காட்டினார். அவர் பெயரே எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் நிலைத்தது.

அழுத்தம் மிகுதியாவதால் டீசல் எஞ்சின் எரிபொருளின் சக்தியை அதிகமாக வேலையாக மாற்றுகின்றது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலான சக்தி அடங்கியுள்ளது. இவ்விரு காரணங்களால் அதே அளவுள்ள வண்டி டீசலில் அதிக தூரம் ஓடுகின்றது. ஆனால் அவ்வழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். எண்ணெயைப் பீய்ச்சும் பம்பும் இஞ்செக்டரும் மிக நுட்பமாகச் செய்யப்படுதல் வேண்டும். ஆகவே விலையும் கூடுகின்றது.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டிப் பழகிய விவசாயிகள், டீசல் எஞ்சின் என்றால் எதையும் தாங்கும் முரட்டு யந்திரம் என்று எண்ணுவதுண்டு. இக்காலக் கார் எஞ்சினுக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. அதில் எண்ணெய் ஆயிரம் மடங்கு வாயுமண்டல அழுத்தத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்துடன் மயிரிழை போன்ற துளைகளின் வழியே செல்கின்றது. நீர் கலந்த டீசலோ, மண்ணெண்ணெய் கலந்த டீசலோ ஊற்றினால், ஆயில் எஞ்சின் புகைந்து இருமியபடி ஓடிவிடும். கார் எஞ்சினோ இஞ்செக்டர் கெட்டுப் பெருஞ்செலவு வைத்துவிடும்.

டீசல் செல்வாக்குப் பெற்றதும் இழந்ததும்

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த டாட்டா இண்டிகா, சிறு காரிலும் டீசல் எஞ்சின் கிடைக்கும் என்பதைப் பொதுமக்களுக்குக் காட்டியது. 2007ஆம் ஆண்டில் மாருதி ஸ்விப்ட் வண்டியும் டீசலில் வந்தது. 2010 ஜூன் மாதத்தில் அரசாங்கம் பெட்ரோல் விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டது. லாரிச் சத்தமும் உழவுச் செலவும் ஏறக்கூடாது என்ற எண்ணத்தால் டீசல் விலையை மட்டும் தன் பிடியிலேயே வைத்திருந்தது. இதன் விளைவாக 2012 மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 73 ரூபாய்க்கும், டீசல் சுமார் 41 ரூபாய்க்கும் விற்றன. லிட்டருக்கு 32 ரூபாய் வேறுபாடு! உழவர்க்கும் லாரிக்காரர்க்கும் என்று தாழ்த்தி வைத்த விலையின் பயனைக் கார் வைத்திருந்தோரும் அடைந்தனர். டீசல் கார் வாங்க மக்கள் திரண்டதில் வியப்பில்லை.

2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. வேறுபாடு சுருங்கலாயிற்று. 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்டபின் சென்னையில் பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாயும் டீசல் ஏறத்தாழ 92 ரூபாயுமாக இருந்தன. 32 ரூபாய் இடைவெளி 9 ரூபாயாயிற்று.

இரண்டாவது மாறுதல் புகைக் கட்டுப்பாட்டினால் வந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் வாயுக்களை அடக்கும் சாதனமும் அமைத்தல் அவசியமாயிற்று. சிறு காருக்கு இச்செலவு கட்டுபடியாகாது என்று கருதி மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதையே அவ்வாண்டில் நிறுத்திவிட்டது. வேறு சில நிறுவனங்களும் சிறு டீசல் வண்டிகளைக் கைவிட்டன. எஞ்சியிருப்பவை சிலவே.

வடிகட்டியின் தன்மை

மேற்கூறிய வடிகட்டியைப் பற்றி விற்பனையாளர் விரித்துரைப்பது அரிது. அது கரித்துகளைச் சேர்த்து வைத்து, எஞ்சின் நன்கு சூடேறி நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்பொழுது எரித்துச் சாம்பலாக்கிக்கொள்கின்றது. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும், கடைத்தெருவிலிருந்து சங்கத்துக்கும் என நாளும் இரண்டு மூன்று மைல் மட்டுமே ஓடும் வண்டிக்கு இச்சூடு கிட்டுவதில்லை. கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், கவனியாவிடின் வடிகட்டியையே மாற்ற நேரிடும். ஆகவே அருகில் மட்டும் ஓட்டுவோர்க்கு டீசல் வண்டி பொருந்தாதது மட்டுமன்று, தொல்லையுமாகும்.

சில டீசல் வண்டிகளில் யூரியாக் கரைசலுக்கெனத் தனித் தொட்டியும் உண்டு. பெயரைக் கேட்டு, வயலுக்கு இடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றிவிடலாகாது. அது தூய நீரில் நூற்றுக்கு 32½ பங்கு தூய யூரியா சேர்த்துச் செய்யப்படுவது. உர யூரியாவிலுள்ள மாசுகள் அச்சாதனத்தைக் கெடுத்துவிடும்.

கணக்குப் பார்ப்போம்

கீழ்க்காணும் எண்கள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தத்தம் ஊர் விலையையும் தாம் கேட்டறிந்த வண்டி விலையையும் இட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டரும், அதே அளவுள்ள டீசல் வண்டி 23 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய். அப்படியாயின் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 5 ரூபாய் 56 பைசா. டீசல் செலவு 4 ரூபாய். மிச்சம் 1 ரூபாய் 56 பைசா. டீசல் வண்டியின் விலை 1,25,000 ரூபாய் கூடுதல் என்றும், அத்தொகைக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 9 என்றும், பராமரிப்பில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம்.

மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு ஆண்டில் எரிபொருளில் மிஞ்சுவது சுமார் 13,100 ரூபாய். பராமரிப்பைக் கழித்தால் 10,100 ரூபாய். ஆனால் கூடுதல் விலைக்குரிய முதலாண்டு வட்டி மட்டுமே 11,250 ரூபாய்! மிச்சம் வட்டிக்கே போதவில்லை. முதல் என்றும் திரும்பாது.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுவோர்க்கு ஆண்டு நிகர மிச்சம் சுமார் 25,000 ரூபாய். வட்டியோடு கூடுதல் விலை திரும்ப ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பலர் வண்டியையே மாற்றிவிடுவர்.

மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுவோர்க்கு ஆண்டு நிகர மிச்சம் சுமார் 43,800 ரூபாய். மூன்றரை ஆண்டுகளுக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் இலாபம்.

கடன் வாங்காது கைப்பணம் கொடுத்தால் வட்டி இல்லையே என்று சிலர் கூறுவர். அப்பணம் சங்கத்தில் வைப்புத் தொகையாக இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டி போயிற்றன்றோ? ஆதலால் அதனையும் செலவாகவே எண்ணுதல் வேண்டும். இன்னொன்று: தமிழ்நாட்டில் காருக்குரிய வாழ்நாள் வரி வண்டியின் விலையை ஒட்டியே விதிக்கப்படுகின்றது. விலை கூடினால் வரியும் கூடும்.

பெட்ரோலிலும் ஒரு மாறுதல்

பெட்ரோலுக்குச் சாதகமாகவே பேசினோம் எனலாகாது. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இலக்கு 2025ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எத்தனால் எடுக்கப்படுவதால் பயிரிடுவோர்க்கு இதில் பங்குண்டு. ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் சக்தி பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்களவே. ஆகவே கலப்புப் பெட்ரோலில் வண்டி சற்றுக் குறைந்த தூரமே ஓடும். விளம்பரத்தில் காணும் மைலேஜை நம்பாமல், அதே வண்டியை ஓட்டும் இருவர் மூவரிடம் உண்மை அளவைக் கேட்டறிந்து கணக்கில் இடுக. பழைய வண்டி வாங்குவோர், அது 20 பங்கு எத்தனாலுக்கு ஏற்றதா என்பதையும் உடைமைக் கையேட்டில் பார்த்துக்கொள்க.

பழைய டீசல் வண்டி

2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்ற டீசல் கார்கள் இன்று பழைய வண்டிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவுக்குக் காரணம் உண்டு. காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும்; பின்னர் தகுதிச் சான்று பெற்றுப் புதுப்பித்தல் வேண்டும். டர்போ, இஞ்செக்டர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒருங்கே பழுதானால், வண்டி விலையில் பெரும்பகுதியைப் பழுதுபார்க்கும் செலவு விழுங்கிவிடும். நம்பிக்கையுள்ள மெக்கானிக் ஒருவர் காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, புகையைப் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுத்தலாகாது.

டில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டில் ஆணையிட்டதையும், 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ததையும், அது பற்றிய வழக்குகள் பின்னரும் தொடர்ந்ததையும் வாசகர்கள் அறிவர். அவ்வாணை தமிழ்நாட்டுக்குரியதன்று. ஆயினும் காற்று எங்கும் காற்றே. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ஆம் ஆண்டில் தீர்மானித்தது. தறிக்கூடத்தை ஒட்டிய சந்தில் பழைய டீசல் வண்டியை நெடுநேரம் ஓடவிட்டு நிறுத்துவோர் இதனை மனத்திற்கொள்க.

யாருக்கு எது?

வீடு, சந்தை, கோயில், மருத்துவமனை என்று அருகிலேயே ஓட்டுவோர்க்குச் சிறு பெட்ரோல் வண்டியே ஏற்றது. வாரத்தில் பல நாள் நெடுந்தூரம் செல்வோர்க்கு, எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கும் திரும்பவும் நாள்தோறும் 150 கிலோமீட்டர் ஓட்டுவோர்க்கு, டீசல் இன்றும் சிக்கனமே. இடைப்பட்டோர் தம் ஊருக்கருகில் எரிவாயு நிரப்பும் நிலையம் உண்டா என்று பார்த்து, சி.என்.ஜி. வண்டியையும் ஆலோசிக்கலாம். ஆனால் பின்பெட்டியில் எரிவாயு உருளை இடம்பிடிக்கும். சேலைக் கட்டு ஏற்றுவோர்க்கு அது இடையூறு.

சொந்த உபயோகத்துக்கெனப் பதிவு செய்த வண்டியை வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்கிடுவோரும் உளர். அது சட்டப்படி கூடாது. விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் தொகையும் மறுக்கப்படக்கூடும்.

முடிவாக ஒன்று கூறுதல் கடமை. பயிருக்கென வாங்கிய கடனையோ, நூலுக்கென வைத்த மூலதனத்தையோ, மனைவி மக்கள் நகையை ஈடு வைத்த பணத்தையோ டீசல் வண்டியின் கூடுதல் விலைக்குத் திருப்புதல் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும். பருவம் பொய்த்தாலும், சேலை தேங்கினாலும், வண்டிக் கடனின் தவணை நாள் தள்ளிப்போகாது. வாங்க எண்ணும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் மூன்று மாத காலம் தம் குடும்பத்தார் எங்கெங்குச் சென்றனர், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வரட்டும். பேருந்தில் சென்றதையும், வாடகை வண்டியில் சென்றதையும், மோட்டார் சைக்கிளில் சென்றதையும் சேர்த்தே எழுதுக. அக்கூட்டுத்தொகையை மூன்றால் வகுத்து மேற்கண்ட கணக்கில் இட்டால், டீசலா பெட்ரோலா என்பதும், கார்தான் வேண்டுமா என்பதும் தாமே விளங்கும்.