கர்ப்பிணிக்கு ஏற்ற உடற்பயிற்சி

கருவுற்ற சில வாரங்களிலேயே பெண்ணின் உடல் கூடுதல் உழைப்புக்குத் தயாராகத் தொடங்கிவிடுகிறது. எட்டாம் மாதம் நெருங்கும்போது உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 முறை கூடுதலாகத் துடிக்கும். வயிற்றின் பாரம் முன்னே இழுப்பதால் முதுகை வளைத்து நிற்க வேண்டியிருக்கிறது. பலருக்கு இடுப்பு வலி வருவது இதனால்தான். ரிலாக்சின் முதலான ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. பிள்ளை வெளியே வர வழிவிடும் ஏற்பாடு இது. அதே காரணத்தால் கால் இடறுவதும் சுளுக்குவதும் எளிதாகிறது. கர்ப்ப காலத்து உடற்பயிற்சிக்கான விதிகள் எல்லாம் இந்த மாற்றங்களிலிருந்து பிறந்தவை.

கர்ப்பிணிகளைப் பயிற்சி செய்யச் சொல்ல மருத்துவர்களும் ஒரு காலத்தில் தயங்கியே இருந்தார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 1985இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பிணியின் நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக்கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்கக்கூடாது என்று எல்லை வகுத்தது. 1994இல் அந்த எல்லைகளை அதுவே கைவிட்டது. நலமாக உள்ள கர்ப்பிணி மிதமான பயிற்சி செய்வதால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேர்வதில்லை என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. கர்ப்ப கால நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அளவுக்கு மீறிய எடை ஆகியவற்றின் வாய்ப்பு குறைகிறது. முதுகுவலியும் மலச்சிக்கலும் தணிகின்றன, மனச்சோர்வும் குறைகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். நாளொன்றுக்கு அரை மணி நேரமாக, ஐந்து நாள் செய்தால் கணக்குச் சரியாகிவிடும். இதுவரை பழக்கமே இல்லாதவர் முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிந்தால் அது சரியான வேகம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பயிற்சிகளில் முதலிடம் நடைக்குத்தான். செலவில்லை, கற்க வேண்டியதும் இல்லை. மேடு பள்ளமில்லாத பாதையும், வழுக்காத, குதிகால் உயரமில்லாத செருப்பும் இருந்தால் போதும். மொட்டை மாடியில் நடப்பவர்கள் மழை நாளில் பாசியைக் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலையோ பொழுது சாய்ந்த பிறகோ நடப்பதே நல்லது. உடல் சூடு அளவுக்கு மீறி ஏறுவது, முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், கருவுக்கு ஆகாது. நடைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களுக்குத் தண்ணீர் வயிற்றுப் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்கு நீச்சலைவிட இதமான பயிற்சி இல்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியவையும் உண்டு. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மெல்ல மேலே வளைத்து மறுபடி சமமாக்குவது இடுப்பு வலிக்கு நல்லது. சுவரில் கை ஊன்றி மெதுவாகத் தள்ளுவது தோளுக்கு வலுத் தரும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுவது தொடைக்கு. பாதங்களை மேலும் கீழும் அசைத்துச் சுழற்றினால் கெண்டைக்கால் குடைச்சல் குறையும். கர்ப்பிணிகளுக்குக் கற்றுத்தரத் தெரிந்தவரிடம் யோகாசனம் பழகலாம். மூச்சை அடக்குவதும், கபாலபாதியும், குப்புறப் படுத்துச் செய்யும் ஆசனங்களும் வேண்டாம்.

பலரும் கேள்விப்படாத பயிற்சி ஒன்று இருக்கிறது. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசைகளுக்கானது அது; 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கேகல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். மூச்சு இயல்பாகவே வந்துபோகட்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்யக்கூடாது. தும்மினால், இருமினால் சிறுநீர் கசிவதை வெளியே சொல்லக் கூசித் தாங்கிக்கொள்ளும் தாய்மார்கள் ஏராளம். அதைப் பெருமளவு தடுக்கக்கூடிய பயிற்சி இது.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்துப் பயிற்சி செய்யக்கூடாது. கனத்த கருப்பை இதயத்துக்குத் திரும்பும் பெரிய இரத்தக்குழாயை அழுத்துவதால் தலைசுற்றல் வரும். புரண்டு படுத்தால் குழந்தைக்குத் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு மட்டும் ஆதாரமில்லை. குழந்தை உள்ளே அசைந்து திரும்புவதால்தான் கொடி சுற்றுகிறது. ஆனால் எழும்போது ஒருக்களித்து, கையூன்றி எழுவது வயிற்றுத் தசைகளுக்கு உண்மையிலேயே நல்லது. விழவோ வயிற்றில் அடிபடவோ வாய்ப்புள்ள விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

எல்லோருக்கும் உடற்பயிற்சி பொருந்தாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், குறைப்பிரசவ அபாயம் உள்ளவர்கள், கர்ப்ப கால இரத்த அழுத்த நோய் கண்டவர்கள், தீவிர இதய நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. கடும் இரத்தசோகை இருப்பவர்களும் அப்படித்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதால், ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொண்டு தொடங்குவதே முறை.

பயிற்சியின்போது இரத்தப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, கடும் தலைவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் கெண்டை வலியோ வீக்கமோ தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது.

குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம் ஆகும் என்ற பேச்சு வீடுதோறும் உண்டு. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நாற்று நடும் பெண்ணுக்கும், சித்தாளாகக் கல் சுமக்கும் பெண்ணுக்கும், ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கும் அது பொருந்தவே பொருந்தாது. அவர்களுடைய உழைப்பைப் பயிற்சியாகக் கணக்கிடக்கூடாது. பாரம் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் கர்ப்பத்துக்குச் சுமைதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்பும் கர்ப்பிணியை இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்ல வேண்டாம். தண்ணீர்க் குடத்தை வேறொருவர் தூக்கட்டும், அந்தப் பெண் இடது பக்கம் ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுக்கட்டும்.